கைகளைக் கட்டுவதற்கு முன் காதையும் பல்லையும் பாருங்கள்

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு ஏழு வயது. தனியார் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று உறுதிசெய்யப்பட்டது. இருபது சொற்கள் வரை பேசுவான். மற்றபடி வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுவான். மகிழ்ச்சி வந்தால் இரு கைகளையும் உதறிக்கொண்டு குதிப்பதும், விரல்களைக் கண்ணருகே ஆட்டிப் பார்ப்பதும், ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி முனகுவதும், பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருப்பதும் சிறு வயதிலிருந்தே உண்டு. இரண்டு மாதங்களாகத்தான் புதிதாக இரண்டு சேர்ந்திருக்கின்றன: மணிக்கட்டைத் தோல் காய்த்துப்போகும் அளவுக்குக் கடிக்கிறான், வலது கன்னத்துக்கும் காதுக்கும் இடையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்துக்கொள்கிறான்.

தெரபி மையத்தில், கை ஆடும் ஒவ்வொரு முறையும் 'கையைக் கீழே வை' என்று சொல்லி, கை அடங்கியிருந்தால் மட்டும் பிஸ்கட் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று மாமியார் துண்டால் அவன் கைகளைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார். 'இதெல்லாம் நின்ற பிறகு அனுப்புங்கள்' என்கிறார் பள்ளியின் தலைமையாசிரியர். கருவுற்றிருந்தபோது கைப்பேசி பார்த்ததுதான் காரணம் என்கிறார் கணவர். பல லட்சம் செலவில் ஸ்டெம் செல் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்துகிறார். இந்தப் பழக்கங்களை அடியோடு நிறுத்த வழி என்ன, கண்டுகொள்ளாமல் விட்டால் வளர்ந்துகொண்டே போகாதா, மாத்திரை உண்டா, பள்ளி இப்படிச் சொல்லலாமா, தை மாதம் நடக்கவிருக்கும் நாத்தனார் திருமணத்துக்கு அவனை அழைத்துச் செல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒரு செய்தியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். முறுக்கும் சப்பாத்தியும் விரும்பித் தின்ற பிள்ளை சில வாரங்களாகத் தயிர்சாதத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றும், படுத்த பிறகு அடித்துக்கொள்வது அதிகம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை அவனுடைய பிடிவாதத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு குழந்தை மருத்துவராக எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. பேச்சு குறைவாக உள்ள ஒரு குழந்தை, இத்தனை ஆண்டுகளாக இல்லாத வகையில், முகத்தின் ஒரே பக்கத்தில், படுக்கும்போது அதிகமாக அடித்துக்கொண்டு, கடினமான உணவையும் ஒதுக்கினால், அங்கே வலி இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆறு, ஏழு வயதில்தான் முதல் நிலையான கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. பால் கடைவாய்ப் பற்களில் சொத்தை ஆழமாக இறங்குவதும் இந்த வயதில் மிகுதி. நடுக்காதில் சீழ் கோத்திருந்தாலும் படுத்தால் வலி கூடும். ஆகவே மற்ற எதற்கும் முன்பாக, இந்த வாரமே, ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பல் மருத்துவரையும் பாருங்கள். நெடுநாள் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, பார்வைக் குறைபாடு, தூக்கக் குறைவு ஆகியவையும் இப்படி வெளிப்படக்கூடும் என்பதால், அவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 'ஆட்டிசம் குழந்தைகள் இப்படித்தான் செய்வார்கள்' என்று எந்த மருத்துவராவது பரிசோதிக்காமலே அனுப்பினால், காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்கும்படி பணிவாக ஆனால் உறுதியாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அவன் தலையில் பலமாக அடித்துக்கொண்ட பிறகு வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, நடை தடுமாறினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, சிவப்பு பரவுகிறதா என்று கவனியுங்கள். மனிதப் பல் பட்ட காயம் எளிதில் சீழ் பிடிக்கும்.

எல்லாம் ஒன்றல்ல

உங்கள் கடிதம் கை உதறுவதையும் தலையில் அடித்துக்கொள்வதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தெரபி மையமும் பள்ளியும் அப்படித்தான் பார்க்கின்றன. இங்கேதான் பாதிச் சிக்கல் இருக்கிறது என்பது என் கருத்து. அவன் செய்பவற்றில் சில அவனுக்குக் காயம் உண்டாக்குகின்றன; அவற்றை உடனே கவனிக்க வேண்டும். சில காயப்படுத்துவதில்லை, ஆனால் மணிக்கணக்கில் நீண்டு, விளையாட்டையும் உணவையும் தூக்கத்தையும் தின்றுவிடுகின்றன. சக்கரம் சுழற்றுவது சில நாள் அப்படி ஆவதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை மெல்லத் திசைதிருப்பலாம். மற்றவை யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாமல், பார்ப்பவர் கண்ணை மட்டும் உறுத்துகின்றன. மகிழ்ச்சியில் கை உதறிக் குதிப்பது அந்த மூன்றாம் வகை. அதை நிறுத்த வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

மனநல மருத்துவர் லியோ கேனர் 1943ஆம் ஆண்டில் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, திரும்பத் திரும்பச் செய்யும் இத்தகைய மீள்செயல்கள் பதிவாகியிருக்கின்றன. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்தது. இவ்விரண்டும் பெரும்பாலும் தொடர்புடையவை. நமக்குப் பழகிப்போன மிக்ஸியின் சத்தம் அவனுக்குக் காதைப் பிளக்கும் ஒலியாக இருக்கலாம். அதன் நடுவே, தான் கணிக்கக்கூடிய ஒரே ஒலியாக அவனுடைய முனகல் இருக்கிறது. உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு மங்கும்போது குதிப்பதும் உதறுவதும் அதை மீட்டுத் தருகின்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் கேட்டபோது, மிகையான உணர்ச்சிகளையும் புலன் நெருக்கடியையும் சமாளிக்க இச்செயல்கள் உதவுவதாகவும், மற்றவர்கள் ஏளனமாகப் பார்ப்பதால் அவற்றை அடக்க நேர்வதாகவும் சொன்னார்கள். உங்கள் மகனால் இன்று சொல்ல முடியாததை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'விட்டுவிட்டால் வளராதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அனுமதிப்பதால் அது பெருகுவதில்லை. பதற்றம், வலி, சலிப்பு, இரைச்சல் ஆகியவை கூடினால்தான் பெருகும். காரணத்தைத் தொடாமல் செயலை மட்டும் அடக்கினால் அது வேறு வடிவத்தில் வெளிவரலாம். சில நேரங்களில் முன்பைவிடக் கடுமையான வடிவத்தில். மையத்தில் 'கையைக் கீழே வை' பயிற்சி தொடங்கிய மாதமும் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கிய மாதமும் உங்கள் கடிதத்தின்படி ஒன்றாகவே இருக்கின்றன. வலிதான் முழுக்காரணமா, அடக்குமுறைக்கும் பங்கு உண்டா என்பதைக் கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு செய்யக்கூடாது. ஆனால் இந்த ஒற்றுமையைக் கவனிக்காமல் விடவும் கூடாது.

கைகளைத் துண்டால் கட்டுவது எக்காரணம் கொண்டும் மறுபடி நடக்கக்கூடாது. இதில் நான் சமரசத்துக்கு இடம் தரமாட்டேன். கட்டப்பட்ட குழந்தை அமைதியாவதில்லை. தன்னை ஆற்றிக்கொள்ளும் ஒரே வழியையும் இழந்து அஞ்சுகிறது. உங்கள் மாமியார் கொடுமைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பேரனை நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த வேதனையை ஒப்புக்கொண்டு பேசினால் அவர் கேட்பார். 'அத்தை, இது அவனுக்கு மூச்சு வாங்குவது மாதிரி' என்று சொல்லிப் பாருங்கள். கூடவே, அவன் கடிக்கத் தொடங்கினால் கடிப்பதற்கான வளையத்தை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படையுங்கள். செய்வதற்கு ஒரு வேலை இருக்கும் பெரியவர்கள் தடுப்பதைக் குறைத்துக்கொள்வதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் ஒரு நோட்டு

காதும் பல்லும் பார்த்து முடிந்ததும், ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு முறை அவன் அடித்துக்கொள்ளும்போதும் மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது அல்லது எது நின்றது. நேரத்தையும் குறியுங்கள். இரண்டு வாரத்தில் ஒழுங்கு ஒன்று தென்படும். குக்கர் விசில் வந்ததும் அடித்துக்கொள்கிறான் என்றால் காரணம் சத்தம். வீட்டுப்பாடத்தை எடுத்ததும் கடித்து, நீங்கள் நோட்டை மூடியதும் நிறுத்துகிறான் என்றால், 'போதும்' என்று சொல்ல அவனிடம் வேறு சொல் இல்லை. கைப்பேசியைப் பிடுங்கியதும் அடித்து, திரும்பக் கிடைத்ததும் நிறுத்துகிறான் என்றால் அது வேண்டியதைக் கேட்டுப் பெறும் வழி. யாருமில்லாதபோதும், எதுவும் நடக்காதபோதும், ஒரே தாளத்தில் தொடர்கிறது என்றால் அந்த உணர்வே அவனுக்குத் தேவைப்படுகிறது; அல்லது உள்ளே வலிக்கிறது. இந்த நான்குக்கும் தீர்வு நான்கு விதம். ஒரே அதட்டலால் நான்கையும் தீர்க்க முயன்றதுதான் இதுவரை நடந்திருக்கிறது.

முடிந்தபோது கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். அவன் திடீரென்று வெறித்துப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்தாலும் தோளைத் தொட்டாலும் மீளாமல், சில நொடிகளுக்குப் பின் குழம்பியோ சோர்ந்தோ இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. மீள்செயல் அப்படியல்ல, பிடித்த ஒன்றைக் காட்டினால் பெரும்பாலும் இடையில் நின்றுவிடும். சந்தேகம் வந்தால் நரம்பியல் மருத்துவருக்கு அந்தக் காணொளி பெரிதும் உதவும்.

நோட்டு சொல்வதை வைத்து வீட்டில் செய்யக்கூடியவை பல. சத்தம் காரணமென்றால், மிக்ஸி போடுமுன் அவனிடம் காட்டிவிட்டுப் போடுவதும், காதை மூடும் தடுப்பான் ஒன்றை அவன் எடுக்கும் உயரத்தில் மாட்டி வைப்பதும் போதுமானதாக இருக்கலாம். பணிச்சுமை காரணமென்றால் வேலையைச் சிறு துண்டுகளாக்கி, 'போதும்', 'உதவி', 'சத்தம் வேண்டாம்', 'வலிக்குது' என்ற படங்களுள்ள அட்டைகளைக் கழுத்துக் கயிற்றிலோ சட்டைப் பையிலோ வைத்து, அவன் அடித்துக்கொள்ளத் தொடங்குமுன்பே அதைக் காட்டப் பழக்குங்கள். அட்டையைக் காட்டினால் தொடக்க நாட்களில் ஒவ்வொரு முறையும் மதித்தாக வேண்டும். இல்லையென்றால் அடிதான் வேலை செய்கிறது என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அட்டையோ பேச்சுக்கு உதவும் கருவியோ கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் பெற்றோரிடம் பரவலாக இருக்கிறது. இதுகுறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பாய்வில், வலுவான சான்று தந்த ஆய்வுகளில் இதனால் பேச்சுக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை.

உணர்வே தேவை என்றால், அதே புலனுக்கு ஆபத்தில்லாத ஒன்றைக் கொடுங்கள். கடிப்பதற்கு மணிக்கட்டுக்குப் பதில் குழந்தைகளுக்கான கெட்டியான சிலிக்கான் வளையம். பல் குணமான பிறகு கேரட், வெள்ளரி. குதிப்பதற்கு மெத்தை. ஆடுவதற்கு உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளி அல்லது வீட்டில் ஊஞ்சல் இருந்தால் ஊஞ்சல். தசைகளுக்கு அழுத்தம் தரும் வேலைகள் பல குழந்தைகளை நிதானப்படுத்துவதைப் பார்க்கிறோம்: பாதி நிரம்பிய தண்ணீர் வாளியைத் தூக்கிச் செல்வது, சப்பாத்தி மாவு பிசைவது, காய்கறிப் பையைச் சுமப்பது, துவைத்த துணியைப் பிழிவது. இவற்றைப் பள்ளிக்குக் கிளம்புமுன்னும் மாலை திரும்பியதும் வழக்கமாக்குங்கள். எடை நிரப்பிய போர்வைகளை இணையத்தில் விற்கிறார்கள். அவை தூக்கத்துக்கு உதவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை, கனமானவை சிறு பிள்ளைகளுக்கு ஆபத்தும்கூட. செயல்வழிச் சிகிச்சை (ஓ.டி.) நிபுணரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அடித்துக்கொள்ளும் அந்த நொடியில் அவன் கையை முறுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கும் கைக்கும் நடுவே ஒரு தலையணையையோ உங்கள் உள்ளங்கையையோ நுழையுங்கள், விளக்கைக் குறையுங்கள், ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் பேசாதீர்கள். அறிவுரை அப்போது அவன் காதில் இன்னொரு இரைச்சல் மட்டுமே.

தெரபி, மாத்திரை, ஸ்டெம் செல்

மையத்தை உடனே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முன்னும் பின்னும் நடப்பதைக் குறித்து ஆராயும் நடத்தைவியல் முறை பயனுள்ளது; மேலே சொன்ன நோட்டும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் கைகள் ஆடாமலிருப்பதையே குறிக்கோளாக வைக்கும் பயிற்சி, அறுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸில் உளவியலாளர் இவார் லோவாஸ் இச்செயல்களை ஒடுக்கக் குழந்தைகளை அறைவதையும் மின்னதிர்ச்சியையும்கூடப் பயன்படுத்திய காலத்தின் எச்சம். தண்டனை பெரும்பாலும் போய்விட்டது, குறிக்கோள் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. மையத்தாரிடம் நேராகக் கேளுங்கள்: இவன் கை உதறுவதால் என்ன இழக்கிறான், அதை நிறுத்தும் நேரத்தில் எத்தனை புதிய சொற்களையோ அட்டைகளையோ கற்றிருக்கலாம், பயிற்சி அறையில் நான் உடனிருந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு மறுப்பு வந்தால் வேறிடம் தேடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளை ஒட்டிய தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். விரிவான மதிப்பீடு தேவைப்பட்டால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

கை உதறுவதையும் முனகுவதையும் நிறுத்தும் மாத்திரை கிடையாது. மீள்செயல்களுக்காகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட சிட்டலோபிராம், 2009இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் வெற்று மாத்திரையைவிட அவற்றைக் குறைப்பதில் சிறப்பாக இல்லை. பக்கவிளைவுகள்தான் கூடுதலாக இருந்தன. ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் ஆகிய இரண்டும் ஆட்டிசக் குழந்தைகளின் கடுமையான எரிச்சலுக்கும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் பயன்படுத்தப்படுகின்றன. மற்ற வழிகள் எல்லாம் பார்த்த பிறகும் காயம் தொடர்ந்தால் குழந்தை மனநல மருத்துவர் இவற்றைப் பரிசீலிக்கலாம். எடை, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை அளந்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை. வலியால் அழும் குழந்தையை இவற்றால் அடக்கிவிடக்கூடாது என்பதற்காகத்தான் காதையும் பல்லையும் முதலில் வைத்தேன்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களின்படி, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாக விற்கக்கூடாது. கருவுற்றபோது நீங்கள் கைப்பேசி பார்த்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இந்தப் பத்தியை உங்கள் கணவரும் படிக்கட்டும்: ஆட்டிசத்தின் காரணங்களில் பெரும்பங்கு மரபணு சார்ந்தது, தாயின் தவறு என்று சுட்ட அதில் எதுவும் இல்லை, இரண்டு மாதமாகத் தூங்காத உங்கள் மனைவிக்கு இரவில் பாதி நேரம் நீங்கள் கைமாற்றுவதுதான் இப்போது மகனுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

பள்ளி

'நின்ற பிறகு அனுப்புங்கள்' என்று சொல்லும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்குவதைத் தடைசெய்கிறது; உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் அதன் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்த்து, குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மதிப்பீட்டில் குறைபாட்டின் அளவு நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ வந்தால், ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை 31ஆம் பிரிவின்படி உண்டு. பள்ளி மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

இருந்தாலும் சட்டத்தை முதல் சந்திப்பிலேயே மேசையில் போடாதீர்கள். வழக்கில் வென்று வகுப்பாசிரியரின் மனத்தை இழந்தால், நாள் முழுதும் அந்த அறையில் இருக்கப்போவது உங்கள் பிள்ளைதான். முதலில் ஒரே பக்கத்தில் அவனைப் பற்றி எழுதிக் கொடுங்கள்: கை உதறினால் மகிழ்ச்சி, விட்டுவிடலாம், முனகல் உயர்ந்தால் சத்தம் தாங்கவில்லை, ஐந்து நிமிடம் வராந்தாவில் நடக்கவிடுங்கள், கடித்தால் பையில் வளையம் இருக்கிறது. மணியடிக்கும் இடத்திலிருந்து தள்ளி, சுவரோரமாக இருக்கை கேளுங்கள். மற்ற பிள்ளைகளிடம் ஆசிரியர் ஒருமுறை இயல்பாகச் சொல்லிவிட்டால் போதும்; ஏழு வயதுக் குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவில் பழகிக்கொள்வார்கள். இதற்கும் மசியாவிட்டால், வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் தரும்படி பள்ளியிடம் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றதுமே பல பள்ளிகள் நிலையை மாற்றிக்கொள்ளும்.

திருமணத்துக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். ஒளித்து வைக்க வேண்டிய பிள்ளை இல்லை அவன். முந்தின நாள், பந்தல் கட்டி முடித்துக் கூட்டம் சேருமுன், மண்டபத்தை ஒருமுறை சுற்றிக்காட்டி, ஓய்வெடுக்க ஓர் அறையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்கும் நேரம்தான் அவனுக்கு மிகக் கடினம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்பே கணவரோ மைத்துனரோ அவனை அந்த அறைக்கோ வெளியே மரத்தடிக்கோ கூட்டிச் சென்றுவிடட்டும். முதல் பந்தியில், கூட்டம் நெருக்குமுன், ஓர இலையில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். மாலை வரவேற்பில் ஒலிபெருக்கி வைப்பார்கள் என்றால் அதற்கு முன் வீடு திரும்பிவிடலாம். நடுவில் அவன் கைகளை உதறிக் குதித்து, யாராவது 'பையனுக்கு என்ன?' என்று கேட்டால், 'சந்தோஷமா இருக்கான்' என்று சொல்லுங்கள்.